கைப்பேசியும் அடுப்பங்கரையும்
(தெப்ராவ் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பளத்தையும் வெட்டுக் கணக்கையும் பேசவேண்டிய மேடையில், இந்தக் கிராணி சோறு, குழம்பைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. எனக்குப் பழக்கமான பால்வெட்டும் அண்ணன் ஒருவர், கைப்பேசியில் யாரோ ஒருவர், "இந்தக் கீரைச் சாற்றைக் குடித்தால் இனிப்புநீர் ஓடிவிடும்" என்று சொன்னதை நம்பி, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் காலில் புண் வந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்று அவரால் மேட்டு நிரையில் ஏறி மரம் வெட்ட முடியவில்லை.

2023-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இனிப்புநீர் இருக்கிறது. அதிலும் இந்தியரிடையே விகிதம் அதிகம்.

ஆகையால் கைப்பேசியை வீசி எறியுங்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தபோது, பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு, பவித்ரா தம்பதியர் தங்கள் சிறிய சமையலறையிலிருந்து மலாய் மொழியில் சமைத்துக் காட்டினார்கள். எல்லா இனத்தவரும் பார்த்து மகிழ்ந்தார்கள். அது நமக்கெல்லாம் பெருமை. புதுக்கோட்டைச் சீமையில் வயல்வெளியில் சமைக்கும் பெரியவரையும் பேரன்மாரையும் நீங்கள் அறிவீர்கள். 2021-இல் அவர்களுக்கு ஒரு கோடி சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். ஆனால் ஊருக்கே ஆக்கும் அண்டாவில் ஊற்றும் எண்ணெயைப் பார்த்து நம் வீட்டுச் சட்டியில் ஊற்றலாகாது! கைப்பக்குவத்தை அங்கே கற்போம். சத்துக் கணக்கை வேறிடத்தில் கேட்போம்.

அந்த இடம் சுகாதார அமைச்சின் 'மைஹெல்த்' பக்கம். காசு கேட்பதில்லை, மருந்து விற்பதில்லை. "சுக்கு-சுக்கு செப்பாரோ" என்று அதில் ஒரு பாடம் உண்டு. சுக்குக் காப்பி என்று எண்ணிவிடாதீர்கள். மலாயில் சுக்கு என்றால் கால் பாகம். தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ முட்டையோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். நம் தட்டிலோ முக்கால் பாகம் சோறு மலைபோல் இருக்கும். கீரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முருங்கை வேலியிலேயே நிற்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை.

உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, ஒரு சிறு கரண்டிக்குள், இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கரண்டிக்குள்தான் அடக்கம். காலைப் பிரட்டுக்கு முன் ஒன்று, பசியாறும்போது ஒன்று, மாலையில் ஒன்று என்று நாம் குடிக்கும் டின்பால் தேநீரின் சீனியையும் கூட்டிப் பாருங்கள்.

ஒருவர் கைப்பேசியில் வைத்தியம் சொன்னால் முதலில் அவர் யார் என்று பாருங்கள். கடைசியில் புட்டியோ தூளோ விற்கிறாரா என்று பாருங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அப்பொழுதே மூடிவிடுங்கள். கிளினிக் மிஸ்ஸியிடம் கேளுங்கள்.

மலாய் எழுத்துப் படிக்கத் தடுமாறும் தாய்மார்களுக்குப் படித்துத் தமிழில் சொல்ல நான் இருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள். கைப்பேசியோடு கிளினிக் அட்டையையும் எடுத்து வாருங்கள்.