உயிர்ச்சத்து போத்தலில் இல்லை, பானையில் இருக்கிறது
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் போட்ட மறுநாளே டானிக் போத்தலுடன் வியாபாரி லயத்துக்கு வந்துவிடுகிறார். சோர்வு, தலைசுற்றல், பிள்ளைக்குப் பசியில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல்! நாமும் கடனுக்காவது வாங்கிவிடுகிறோம். அந்தப் பணத்தைக் காப்பாற்றவே இன்று பேசுகிறோம்.

முதலில் அரிசி. ஒரு காலத்தில் பெரிபெரி நோய் இந்நாட்டுத் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கும், மரத்துப்போகும், இதயம் தளர்ந்து உயிர் போகும். புழுங்கலரிசி உண்ட தமிழரை மட்டும் அது அதிகம் தீண்டவில்லை. 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும், மற்றவர்களுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்ற டாக்டர்கள் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, 1909இல் இதையே உறுதிப்படுத்தினர். நெல்லைப் புழுக்கும்போது பி-1 என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடுகிறது. ஆகவே புழுங்கலையே சமையுங்கள், பலமுறை கழுவாதீர்கள், கஞ்சியைக் கொட்டாதீர்கள்.

அடுத்து முருங்கைக்கீரை. கண்ணுக்கு வேண்டிய ஏ சத்துக்கு இது நல்லது. சிறிது எண்ணெய் விட்டுத் தாளித்தால் அச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் களைக்கு மருந்தடித்த இடத்துக் கீரையைத் தொடாதீர்கள்!

கொய்யாப்பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு சி சத்து உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்க அச்சத்து உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணீரோ அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள்.

இரத்தசோகை கண்டவர்களும் கர்ப்பிணிகளும் கீரையை மட்டும் நம்பியிருக்கலாகாது. கிளினிக்கில் தரும் மாத்திரையைத் தவறாமல் விழுங்க வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். கீரை சம்பளத்துக்கு ஈடாகாது. மீனும் முட்டையும் பாலும் பிள்ளைகளின் தட்டில் விழ நியாயமான கூலி வேண்டும். கொல்லை போட லயத்தருகே நிலமும் வேண்டும். இவற்றைக் கேட்பது சங்கத்தின் கடமை. கஞ்சியைக் கொட்டாமல் இருப்பது நம் வீட்டின் கடமை. இரண்டையும் சேர்ந்தே செய்வோம்.