வெற்று நாற்காலி



மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும் எதிர்ப்புக்கு அஞ்சி மனுச் செய்வாரில்லை. பின்னர் வென்றவரும் உடனே பதவி விலக நேர்ந்தது. மேலவளவில் துணிந்து பொறுப்பேற்ற தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி முதலிய ஊர்களில் 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து, தலைவர்கள் நிலைத்து அமர்ந்தனர்.

இதனின்று நாம் அறிவது யாது? சட்டம் இடத்தை ஒதுக்கும். அமர்பவருக்குத் துணைநிற்க வேண்டியது நாமே. உறுப்பினர் இடம் காலியானால் இடைத்தேர்தல் உண்டு. அதற்குத் தகுதியானவரை நாமே நிறுத்துவோம். பிறர் நீட்டும் தாளில் படியாது கையொப்பமிடுபவர் அமர்ந்தாலும் அந்நாற்காலி வெற்று நாற்காலியே. ஆகவே தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவுக் கணக்கையும் படிக்க நம் பிள்ளைகளுக்கு இன்றே கற்பிப்போம். கல்விக் கழகத்தின் அடுத்த பணி இதுவாகுக!