வாரக்கூட்டச் செய்தித்தாளும் ஏழு திருமதிகளும்

(பழைய மாணவியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ச் சேவைக் கழகம் வாரந்தோறும் வெளியிட்ட கூட்டச் செய்தியைப் பற்றிச் சிறிது நேரம் பேசும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். நாங்கள் இருவரும் இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிறகு ஒரே தட்டச்சு வகுப்புக்குப் போனவர்கள். 1971 தொடக்கம் 1983 வரை அந்தச் செய்தித்தாளை மாறி மாறித் தட்டச்சுச் செய்தவர்களும் நாங்களே. ஆகவே ஒருத்தி பேசுவது, மற்றவள் முன்வரிசையில் இருந்து பிழை பிடிப்பது என்று ஒழுங்கு செய்திருக்கிறோம்.

கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இத்தகைய கழகங்களின் வாரக்கூட்டம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் நடக்கும். தலைவர் மணியடிப்பார். வந்தவர் எத்தனை, வராதவர் எத்தனை என்று கணக்கெடுப்பார்கள். கடிதங்கள் வாசிக்கப்படும். பிந்தி வந்தவருக்கும் கழகச் சின்னத்தைச் சட்டையில் குத்த மறந்தவருக்கும் குற்றப்பணம் உண்டு. மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது என்று சந்தோசப்பட்டவரிடமும் ஒரு ரூபா வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்! அதன்பின் விருந்தினர் ஒருவர் இருபது நிமிடம் பேசுவார். நன்றியுரை முடிய மறுபடியும் மணி. இவ்வளவையும் செயலாளர் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு வந்து எங்களிடம் தருவார். அடுத்த கூட்டத்துக்கு முன் அது இரண்டு பக்கச் செய்தித்தாளாக வேண்டும்.

ஸ்ரென்சில் தாளில் தட்டச்சுச் செய்து, றோணியோ இயந்திரத்தில் ஓட்டி எடுப்போம். எழுத்துப் பிழைத்தால் பூசுவதற்கென்று சிவப்புத் திரவம் ஒன்று விற்றார்கள். அது கிடைக்காத நாட்களில் நகப்பூச்சைப் பூசிச் சமாளித்தோம். முதலில் எல்லாம் ஆங்கிலம். பிறகு ஒரு பக்கம் தமிழிலும் வரவேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தோம். ‘சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ்’ என்ற பதவிக்கு ‘ஒழுங்குக் காவலர்’ என்று போட்டோம். அந்தப் பதவியில் இருந்த வைத்தியர், தன்னைப் பொலிஸ்காரராக்கிவிட்டார்கள் என்று ஒரு மாதம் முறைப்பட்டார்.

ஏன் வாரந்தோறும் கூடவேண்டும் என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். இப்படியான கழகங்களுக்கு முன்னோடி றோட்டரி. 1905 பெப்ரவரி 23ஆம் திகதி சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணியும் நண்பர்கள் மூவரும் ஒருவருடைய அலுவலகத்தில் கூடியதுதான் அதன் தொடக்கம். அடுத்தடுத்த கூட்டங்களை ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்து நடத்தினார்கள். அந்தச் சுழற்சியிலிருந்து வந்ததே ‘றோட்டரி’ என்ற பெயர். ஒரு கிழமை வராதவர் வேறு ஊர்க் கழகத்தின் கூட்டத்துக்குப் போய் வரவை ஈடுசெய்யலாம் என்ற வழக்கமும் இருந்தது. மாதம் இரண்டு கூட்டம் நடத்தினாலும் போதும் என்று 2016இல்தான் விதியைத் தளர்த்தினார்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று நாங்களும் அப்போது சிரித்ததுண்டு. இன்று அப்படிச் சிரிக்கமாட்டோம். றோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். போர் நடந்த ஆண்டுகளிலும் இரு தரப்பும் துப்பாக்கியை ஓயவைத்த ‘அமைதி நாட்களில்’ பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. அந்த ஒழுங்கில் றோட்டரிக்கும் பங்கிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற தாய்மார் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். கிழமைக்குக் கிழமை ஆளெண்ணிப் பழகியவர்களுக்கு ஊர் ஊராகப் பிள்ளைகளை எண்ணுவது கைவந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் அந்த வரவுப் பட்டியலில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் அப்படித்தான். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூர்க் கழகம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. அதற்காக அடுத்த ஆண்டே அதன் அங்கீகாரத்தைப் பறித்தார்கள். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போய், 1987இல் கழகத்தின் பக்கம் தீர்ப்பானது. அந்த ஆண்டே அக்கழகத்துக்குத் தலைவியானவர் சில்வியா விட்லொக். அவர் ஒரு பாடசாலை அதிபர் என்பதை எங்கள் அதிபர் அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். 1989இல் உலகக் கழகங்கள் எல்லாவற்றிலும் பெண்கள் சேரலாம் என்றானது. நாங்கள் தட்டச்சுச் செய்த ஆண்டுகளில் உறுப்பினரின் மனைவிமாருக்கு இருந்த இடம் தேநீர் மேசைதான். எங்கள் இருவரின் பெயரும் அந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறைகூட அந்தத் தாளில் வரவில்லை. அதைப் பற்றி அப்போது நாங்கள் யோசிக்கவும் இல்லை.

மலர்க்குழு எங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் வேறு. சங்கத்தின் நூறு வருடத்து வரலாற்றை எழுத வேண்டும், எழுத ஆதாரமில்லை. எங்கள் சங்கத்தின் பழைய கூட்டறிக்கைக் கொப்பிகள் இல்லை. பத்திரிகைகளில் தேடலாம் என்றால், 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. வீடுகளில் இருந்தவையோ 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் விட்டுவந்த அலுமாரிகளோடு போயின. 

எங்களில் ஒருத்தி அன்றிரவு ஒரு றங்குப்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனாள். உள்ளே கூறைச்சேலையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும். பெட்டியின் அடியில் விரித்திருந்தது பழைய செய்தித்தாள்கள், அதாவது நாங்கள் ஓட்டி மிஞ்சியவை. கறல் சேலையில் பிடிக்காமலிருக்க விரித்த தாள்கள். பத்திரப்படுத்த வேண்டும் என்று வைத்தது ஒன்றும் மிஞ்சவில்லை, கறலுக்கு விரித்தது மிஞ்சியது. மொத்தம் பதினொன்று.

அவற்றை மேசையில் பரப்பி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தோம். ஒரு தாளில், 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளிக்குச் சேர்த்த உடுப்பு மூட்டைகளின் கணக்கு. இன்னொன்றில், குற்றப்பணம் கட்ட மறுத்த ஒருவரைப் பற்றிய நீண்ட பகிடி. வேறொன்றில் பொருளாளரின் அறிக்கை. அதிலே எங்கள் பாடசாலைத் தண்ணீர்த் தாங்கி.

அந்தத் தாங்கியில் பதித்த கல்லை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கழகத்தின் அன்பளிப்பு என்று அதில் இருக்கிறது. நாங்களும் ஐம்பது வருடமாக அப்படியே சொல்லிவந்தோம். பொருளாளர் எழுதியதோ வேறு. செலவில் அரைவாசிக்கு மேல், பழைய மாணவியர் இரண்டு வருடமாகப் பலகாரம் சுட்டு விற்றுச் சேர்த்த பணம். ‘பெண்கள் பகுதியினர் மனமுவந்து வழங்கினர்’ என்று ஒரு வரி. அந்த வரியைத் தட்டச்சுச் செய்தது யார்? நாங்கள்தான்! பயற்றம் பணியாரம் சுட்டு இரவிரவாகக் கடதாசியில் சுற்றியதும் நாங்கள்தான். இரண்டையும் செய்துவிட்டு, கல்லில் எழுதியிருப்பதையே உண்மையென்று நம்பியிருந்தோம்.

கழகத்தார் ஏமாற்றினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் கணக்கைச் சரியாகவே எழுதி, ஊருக்கு அச்சிட்டுக் கொடுத்தார்கள். கல் வெட்டியவருக்கு யாரோ சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு வந்திருந்த எங்கள் சங்கத்தாரும் வாய் திறக்கவில்லை. இன்று எங்களுக்கு மனம் நோவது அந்த வரிக்குக் கீழே இருப்பதைப் பார்த்துத்தான். பொறுப்பாக நின்றவர்கள் என்று ஏழு பெயர்கள். ஏழும் ‘திருமதி’ போட்டுக் கணவரின் முதலெழுத்தும் கணவரின் பெயரும். சொந்தப் பெயர் ஒன்றும் இல்லை. நாங்களே அப்படித் தட்டினோம், அதுதான் மரியாதை என்று நினைத்து.

மலர்க்குழுப் பிள்ளைகள் மூன்று மாதமாக அலைந்து நான்கு பேரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவர் ரொறன்ரோவில் பேத்தியுடன் இருக்கிறார். அவர் தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை, “அந்தத் தாச்சியை ஆர் கொண்டுபோனது? இன்னும் தரேல்லை” என்பது. மற்ற மூவரும் காலமாகிவிட்டார்கள், ஆனால் பெயர் கிடைத்துவிட்டது. மிச்சம் மூன்று திருமதிகள் யார் என்று எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அதில் ஒருவருடன் நாங்கள் ஒரே அடுப்படியில் நின்று வேலை செய்திருக்க வேண்டும். முகம் வருகிறது, பெயர் வருகுதில்லை.

பதினொரு தாளையும் நூலகம் இணையத்தளத்துக்காக வருடியெடுக்கக் கொடுக்கிறோம். 2005ஆம் ஆண்டிலிருந்து ஈழத்துத் தமிழ்ப் பதிவுகளைச் சேர்த்துவருகிறவர்கள் அவர்கள், கறல் பிடித்த தாளையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பிரதிகள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. அந்த மூன்று பெயரையும் ஒருக்கால் பாருங்கள். உங்கள் அம்மாவாக, மாமியாக, பெரியம்மாவாக இருக்கக்கூடும்.

அதே மேசையில் இன்றைய வரவுக் கொப்பியும் கிடக்கிறது. பேச வருமுன் அதைப் புரட்டிப் பார்த்தோம். இருபத்தாறு பேர் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள், அதிலே ஒன்பது பேர் ‘திருமதி’யோடு கணவரின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தேநீருக்குப் போகும்போது பக்கத்தில் உங்கள் பெயரையும், எந்த ஆண்டு வகுப்பு என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது.