முதல் வேலை சொல்லித் தந்த கணக்கு

(சாதாரணதரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் தோட்ட மண்டபத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை இருக்கும் இந்தச் சில மாதங்களில்தான் நம்முடைய பிள்ளைகள் பலர் முதல் வேலைக்குப் புறப்படுகிறார்கள். கொழும்பில் கடை, சாப்பாட்டுக் கடை, ஆடைத் தொழிற்சாலை என்று யாராவது வந்து கூப்பிடுவார்கள். "இங்க சும்மாதானே இருக்கான், போய் நாலு காசு சம்பாதிக்கட்டுமே" என்று வீட்டிலும் சொல்வார்கள். போகாதீர்கள் என்று சொல்ல நாம் இங்கே வரவில்லை. நாமும் அப்படிப் போனவர்கள்தான். எது தெரியாமல் போனோம், அதனால் எதை இழந்தோம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

1996 டிசம்பரில் நாங்கள் ஓ.எல். எழுதினோம். 1997 மார்ச்சில் ஒரே லயத்தைச் சேர்ந்த மூன்று பேர் அட்டனில் இரவு மெயில் கோச்சி ஏறினோம். எங்களை வழியனுப்ப லயமே திரண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தது. பக்கத்துக் காம்பிரா அம்மாயி ஒருவர் ஆளுக்கு இருபது ரூபாய் கையில் வைத்து அழுத்தினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வேலை, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில். பருப்பு, சீனி, வெங்காயம், செத்தல் மிளகாய். விடியற்காலை ஐந்து மணிக்கு லொறி வந்து நிற்கும். 50 கிலோ சீனி மூடையை முதுகில் வாங்கி, பலகை வழியாக ஏறி அடுக்க வேண்டும். கடை பூட்டும்போது இரவு பத்து மணி ஆகிவிடும். படுக்கை மேல்தட்டில், சாக்கின் மேல். மிளகாய்த் தூசியில் இராத்திரி முழுக்கத் தும்மல். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு உழைப்பு புதிதில்லை. அதனால் இதையெல்லாம் பெரிய கஷ்டமாக நாங்கள் எடுக்கவில்லை.

சம்பளம் மாதம் 1,500 ரூபாய், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று கூட்டிக்கொண்டு போனவர் சொல்லியிருந்தார். முதலாளி ஒன்றும் எழுதித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. முதல் மாதம் முடிந்ததும் அவர், "கையில காசு இருந்தா செலவழிச்சிருவீங்க. எங்கிட்டயே இருக்கட்டும். ஊருக்குப் போறப்ப மொத்தமா வாங்கிட்டுப் போங்க" என்றார். நல்ல மனுசன், நம்ம மேல அக்கறை என்று நினைத்தோம். மாதம் தோறும் சம்பளத்தைக் கையில் வாங்குவது தொழிலாளியின் உரிமை என்பது எங்களுக்குத் தெரியாது.

எங்களில் ஒருவருக்கு அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பதிவில் பெயர் பிழையாக இருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. அது யுத்த காலம். 1997 ஒக்டோபர் 15 ஆம் திகதி கோட்டையில் உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு சோதனை. அட்டை இல்லாத அந்த நண்பர் கடையை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. "வெளிய போனா புடிச்சிருவாங்க, இங்கயே கிட" என்பார் முதலாளி. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவருக்கு வசதியாக இருந்தது. பேப்பர் இல்லாதவனுக்கு வேறு வேலை தேடவும் முடியாது, முறைப்பாடு செய்யவும் முடியாது.

அந்த மாதக் கடைசியில் தீபாவளி வந்தது. அட்டை இருந்த நாங்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டுக்கு வந்தோம். முதலாளி ஆளுக்கு ஒரு சட்டையும் 500 ரூபாயும் தந்திருந்தார். எங்களில் ஒருவரின் அம்மா கேட்டார்: "எத்தன நாளு வேல செஞ்ச? எவ்வளவு வரணும்?" பதில் இல்லை. "முதலாளிகிட்ட இருக்கும்மா" என்றோம். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். மலைக்குப் போன நாளுக்கெல்லாம் ஒரு கோடு. அரைப்பேர் போட்ட நாளுக்குப் பாதிக் கோடு. நிறுத்த கொழுந்து எத்தனை கிலோ என்று பென்சிலால் பக்கத்தில் எழுதியிருந்தது. "நான் மூணாம் வகுப்புடா. நீ ஓ.எல். எழுதினவன்" என்றார்.

பெற்றோர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் நம்முடைய பெண்கள் தராசுக்குப் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்ப்பார்கள். ஒரு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் கேட்பார்கள். அரைப்பேர் விழுந்தால் தலைவரிடம் போவார்கள். செக்ரோலில் பெயர் இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது. இதெல்லாம் ஒரு நாளில் வந்ததில்லை. நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு வந்தது. அந்தப் பழக்கத்தை நாங்கள் அட்டன் ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டுக் கோச்சி ஏறியிருந்தோம்.

அந்த அம்மாவின் மகன் திரும்பிப் போனதும் ஒரு கொப்பி வாங்கினார். அன்றிலிருந்து தினமும் திகதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இறக்கிய லொறியின் இலக்கம், வாங்கிய முற்பணம் என்று எழுதினார். நாங்கள் மற்ற இரண்டு பேரும் அவரைக் "கிளாக்கர் ஐயா" என்று கேலி செய்தோம்.

1998 பெப்ரவரியில் எங்களில் ஒருவர் பலகையில் வழுக்கி விழுந்தார். மூடை காலில் விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. ஊருக்குப் போய் மருந்து கட்டு என்று முதலாளி சொன்னார். மூன்று பேரும் சேர்ந்தே கணக்கு முடிக்கக் கேட்டோம். பதினொரு மாதம், மாதம் 1,500 படி ஆளுக்கு 16,500 ரூபாய். அவர் சாப்பாடு, தங்குமிடம், மருந்து, உடைந்த போத்தல், தீபாவளிச் சட்டை என்று கழித்துக்கொண்டே போனார். கடைசியில் ஆளுக்கு 3,000 ரூபாய் தந்தார். நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. எதைக் காட்டி மறுப்பது?

ஊரில் தலைவர்தான் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யச் சொன்னார். விசாரணைக்கு முதலாளியும் வந்தார். அதிகாரி எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான். அந்தக் கொப்பி மட்டும்தான் இருந்தது. லொறி வந்த நாட்கள் கடைப் புத்தகத்தோடு சரியாக இருந்தன. கொப்பியில் இருந்த நான்கு மாதங்களுக்கும் முழுச் சம்பளம் கொடுக்க முதலாளி சம்மதித்தார். கொப்பி இல்லாத எங்கள் இருவருக்கும் பேசித் தீர்த்து 2,000 ரூபாய் படி கிடைத்தது. எழுதாத மாதங்களின் உழைப்பு போனது போனதுதான். கொப்பி வைத்திருந்தவர் யார் என்று நீங்கள் யோசிக்கலாம். இன்று உங்கள் முன்னால் நிற்பவர் இல்லை.

இனி, அந்த வழியனுப்பிய கதைக்கு வருவோம். ஏன் பதினொரு மாதம் அங்கே கிடந்தோம்? அடையாள அட்டை இருந்த இரண்டு பேராவது மூன்றாம் மாதமே வந்திருக்கலாமே? வெட்கம்தான் காரணம். லயமே வந்து அனுப்பிவைத்ததே, வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? அம்மாயி கொடுத்த இருபது ரூபாய்க்கு என்ன பதில் சொல்வது? வீட்டுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் "நாங்கள் நலம், வேலை நல்லது" என்றே எழுதினோம். மூடை தூக்க வெட்கப்படவில்லை. சம்பளம் கேட்கவும் உண்மையைச் சொல்லவும்தான் வெட்கப்பட்டோம். அந்த வெட்கத்துக்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு வருஷ உழைப்பு.

ஒன்றுமே மிஞ்சவில்லை என்றும் சொல்ல முடியாது. சிங்களம் பேசப் பழகினோம். சரக்கு எண்ண, கணக்குப் பார்க்கக் கற்றோம். பின்னால் கிடைத்த ஒவ்வொரு வேலைக்கும் அது உதவியது. ஆனால் அதே பாடத்தை நீங்கள் இவ்வளவு விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஆகவே சில விஷயங்களைச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பேப்பர். 15 வயது நிறைந்ததும் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் எடுத்து வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். அசல் அட்டையை எந்த முதலாளியிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

இரண்டாவது, வயது. வேலைக்கு எடுக்கக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் போடக்கூடாது. அதற்குக் குறைந்த பிள்ளையைக் கேட்டு வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, நியமனக் கடிதம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1954 ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கழிப்பார்களா, எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள்.

நான்காவது, ஊழியர் சேமலாப நிதி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இது உங்களுக்கு உண்டு. "ஆறு மாசம் போகட்டும், பிறகு பார்ப்பம்" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம். 30,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துப் பார்த்தால், சேமலாப நிதிக்கு மாதம் 6,000 ரூபாய், வருஷத்துக்கு 72,000 ரூபாய். உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.

ஐந்தாவது, கொப்பி. எந்த வேலையானாலும் எழுதுங்கள். அம்மாவின் கலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை போன் எடுத்தால் "எவ்வளவு அனுப்புற?" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணிக்குப் படுத்தாய், சம்பளம் கைக்கு வந்ததா என்றும் கேளுங்கள். அனுப்பும்போதே, "சரியில்லன்னா வந்துரு, நாங்க ஒன்னும் சொல்ல மாட்டோம்" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வார்த்தை 1997 இல் எங்களுக்குக் கிடைத்திருந்தால் மூன்றாம் மாதமே கோச்சி ஏறியிருப்போம்.

யாராவது வேலைக்குக் கூப்பிட்டால், போவதற்கு முன் ஒரு தடவை நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். அடையாள அட்டைப் படிவம் நிரப்பவும், கடிதம் வாசித்துப் பார்க்கவும், முறைப்பாடு எழுதவும் உதவுவோம். வெட்கப்படாமல் வாருங்கள்.