வெற்றுக் காகிதத்தில் கையொப்பம்



இன்று நான் பெரிய தத்துவம் எதுவும் பேச வரவில்லை. தவணைக் கடனில் வாங்கிய வண்டியைக் கம்பெனிக்காரர் திருப்பி எடுத்துக் கொள்ளும்போது நடக்கவேண்டிய காகித வேலையைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்லப் போகிறேன். இதை அற்ப சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். ஆட்டோவும் டிராக்டரும் சரக்கு வண்டியும் ஒரு குடும்பத்தின் சோறு.

நாம் வண்டி வாங்க நாள் பார்க்கிறோம், நட்சத்திரம் பார்க்கிறோம், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆனால் கையொப்பம் போடும் காகிதத்தை மாத்திரம் பார்ப்பதில்லை. குமாஸ்தா விரலைக் காட்டிய இடத்திலெல்லாம், ஒன்றும் எழுதாத பாரத்தில்கூடக் கையொப்பம் போட்டுவிட்டு வருகிறோம். 29, 30-ம் நெம்பர் பாரங்கள் வண்டியை வேறொருவர் பேருக்கு மாற்றுவதற்கானவை. அவற்றை வெறுமையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், யாருக்கு, எந்தத் தேதியில் என்று பிறர் எழுதிக்கொள்ள நாமே இடம் கொடுத்தவர்களாகிறோம். எலுமிச்சம்பழம் இதைத் தடுக்குமா?

சரி, சட்டம் என்ன சொல்லுகிறது? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 51-வது பிரிவுப்படி, தவணை தவறியதால் வண்டியை எடுத்த கம்பெனி, சொந்தக்காரர் ஆர்.சி.யைக் கொடுக்க மறுத்தாலோ தலைமறைவானாலோ, 36-ம் நெம்பர் பாரம் போட்டுத் தன் பேருக்குப் புது ஆர்.சி. கேட்கலாம். ஆனால் அதற்குமுன் சொந்தக்காரருக்கு ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, அவர் சொல்லுவதைக் கேட்க அதிகாரி சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும். அந்த நோட்டீஸ் ஆர்.சி.யில் கண்ட விலாசத்துக்கே போகும். வீடு மாறியும் விலாசம் மாற்றாதவருக்கு அது பழைய வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கும்!

நிதிக் கம்பெனிகளுக்கு ரிசர்வ் பாங்கு விதித்த நெறிமுறையிலும் வழி இருக்கிறது. எடுப்பதற்குமுன் எத்தனை நாள் நோட்டீஸ், எப்போது நோட்டீஸ் இல்லாமல் எடுக்கலாம், விற்குமுன் கடைசியாகப் பணம் கட்ட என்ன வாய்ப்பு, ஏலம் எப்படி என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். ஒப்பந்தத்தின் நகல் கடன் வாங்கியவருக்குக் கொடுக்கப்படவும் வேண்டும். அடியாட்களை ஏவி வண்டியைப் பிடுங்குவதை 2007-ல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்திருக்கிறது.

கடனை ஏமாற்றச் சொல்லுகிறேன் என்று யாரும் கருதவேண்டாம். வாங்கியதைக் கொடுக்கவேண்டியதுதான். ஆனால் கொடுக்கவேண்டியதற்குமேல் ஏன் கொடுக்கவேண்டும்?

ஆகவே வண்டி போகும் நாளில், எடுக்க வந்தவரின் அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். தேதி, மணி, ஓடிய கிலோமீட்டர், டயர், பாட்டரி, சாமான்கள் இவற்றுக்கு ஜாபிதா எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு பிரதி வாங்குங்கள். உங்கள் சொந்த சாமான்களை இறக்கிக் கொள்ளுங்கள். விற்ற பிறகு என்ன விலைக்குப் போயிற்று, எவ்வளவு வரவு வைத்தார்கள் என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். மிச்சமிருந்தால் கேட்டு வாங்குங்கள். குறைந்தால் பாக்கிக்கு அவர்கள் வருவார்கள். வண்டி போனதோடு கடனும் போயிற்று என்பது மற்றொரு மூடநம்பிக்கை. கடன் தீர்ந்தால் பாக்கியில்லை என்ற கடிதமும் 35-ம் நெம்பர் பாரமும் வாங்கி, ஆர்.சி.யிலுள்ள கம்பெனிப் பேரை நீக்குங்கள்.

படிக்கத் தெரியாவிட்டால் வெட்கமில்லை. படித்தவரைக் கூட்டிப்போய் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாத காகிதத்தில் கையொப்பம் போடுவதில்லை என்று ஒவ்வொருவரும் தீர்மானித்துக் கொள்ளும்படி கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.