காதலும் கைக்கிளையும்



இக்காலத்து மலிவு நாவல்களிலும் திரைப்படங்களிலும் வருந் தலைவன், மறுத்த பெண்ணை விடாது தொடர்ந்து, மிரட்டி, அவள் உடுப்பதற்கும் பேசுவதற்கும் வரம்பு விதிக்கின்றான். முடிவில் அவளும் இணங்குகின்றாள். இதற்குக் காதல் என்று பெயரிடுகின்றனர்.

தொல்காப்பியர் இதனை ஒப்பார். ஒத்த அன்பினையே அவர் ஐந்திணை என்றார். மறுமொழி பெறாதவன் தானே பேசி மகிழ்வதைக் கைக்கிளை என்று புறத்தே நிறுத்தினார். பனைமடற் குதிரை ஏறுவேன் என்று சொல்லுமளவும் ஐந்திணை. ஊரறிய ஏறிவிடின் பெருந்திணை. நெருக்கிப் பெறுவது அன்பாகாது என்பதே நாம் இதிற் கொள்ளத்தக்கது.

சட்டமும் இவ்வழியே வந்துள்ளது. விருப்பமின்மையைத் தெரிவித்த பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்தல் 2013-ஆம் ஆண்டில் தனிக் குற்றமாயிற்று. 2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, முதன்முறைக்கே 3 ஆண்டு வரை சிறை விதிக்கின்றது.

கூடலூரிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பேருந்தேறி உத்தமபாளையத்திற்குப் படிக்க வரும் நம் பெண்மக்கள், இத்தொல்லையை வீட்டிற் சொல்ல அஞ்சுவதுண்டு. சொன்னாற் படிப்பை நிறுத்திவிடுவோம் என்பதே காரணம். குற்றம் ஒருவனது, தண்டனை அவளுக்கா? அவள் விருப்பத்தைக் கேளாமல் நாம் நிறுத்துவதும் ஒருதலையான செயலே அன்றோ?

ஆதலின், மறுப்பை மதிக்கப் புதல்வர்க்குக் கற்பிப்போம். புதல்வியரைத் தொடர்ந்து படிக்க அனுப்புவோம்.