கணினிப் படிப்புக்குப் பின்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணினி அறிவியல், பொறியியல் எனப் பட்டம் பெற்ற பிள்ளைகள் இல்லாத தெருவே நம் மஹல்லாவில் இல்லை. பட்டம் வாங்கிய மறுநாளே "எந்தக் கம்பெனி? எவ்வளவு சம்பளம்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். பெண் பேசும் இடத்திலும் அதே கேள்விதான். பெரிய கம்பெனி, இல்லையேல் வெளிநாட்டுச் சபர் என்ற இரண்டு வாசல்களே நம் கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டும் உடனே திறக்காதபோது பிள்ளை மனம் சோர்ந்து, யார் எதைச் சொன்னாலும் நம்பும் நிலைக்கு வந்துவிடுகிறான். நாம் அஞ்சுவது இந்த இடத்தைத்தான்.

2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை அதிகாரி வேலை, கை நிறையச் சம்பளம் என்று விளம்பரம். துபாயிலும் இந்தியாவிலும் முகவர்கள். குறிவைக்கப்பட்டவர்களோ கணினி தெரிந்த இளைஞர்கள். தாய்லாந்து சென்றவர்களை எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டுபோய், முன்பின் அறியாதவர்களிடம் இணையம் வழியே பணம் பறிக்கும் மோசடி வேலையில் அமர்த்தினார்கள். மறுத்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். அவ்வாறு சிக்கியவர்களில் தமிழகத்தைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டு, 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். ஹலாலான சம்பாத்தியம் தேடிப் புறப்பட்டவன் பிறர் பொருளைப் பறிக்கும் கருவியாக்கப்படுவதைவிடக் கொடுமை வேறென்ன?

ஆகவே, வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். முறையான நிறுவனம் எதுவும் வேலை தருவதற்குப் பணம் கேட்பதில்லை. முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது அங்கே சட்டப்படிக் குற்றம்.

சரி, உள்ளூரில் என்னதான் உண்டு? மென்பொருள் எழுதுவது மட்டுமே கணினி வேலையன்று. எழுதியதைச் சோதிப்போர், தரவுத்தளம் பராமரிப்போர், வலையமைப்பைக் கவனிப்போர், இணையப் பாதுகாப்புச் செய்வோர் எனப் பல பிரிவுகள் உள்ளன. மேலே படிக்க விரும்புவோருக்கு எம்.சி.ஏ. படிப்பு 2020 முதல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது. தமிழகக் கல்லூரிகளுக்கு டான்செட், என்.ஐ.டி.களுக்கு நிம்செட் என்று நுழைவுத் தேர்வுகள் உள்ளன. முதுகலையுடன் பி.எட். முடித்தவர்கள் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி ஆசிரியராக முயலலாம்.

அரசுப் பணி என்றாலே நம்மவர்கள் ஏனோ ஒதுங்கிக்கொள்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வு இவற்றுக்கெல்லாம் கணினிப் பட்டமும் பட்டம்தான். தமிழகத்தில் 2007-ல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் இடஒதுக்கீடு வந்தது. விண்ணப்பமே போடாதவனுக்கு அந்த ஒதுக்கீட்டால் பயன் என்ன?

இன்னொரு செய்தி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, சாதாரண நிரல்களை இயந்திரமே எழுதித் தருகிறது. பிறர் எழுதியதை நகலெடுத்துத் தேறியவனுக்கு இனி இடம் குறைவு. இயந்திரம் எழுதியதில் பிழை எங்கே என்று காணத் தெரிந்தவனுக்கே மதிப்பு. அதற்குக் கணிதமும் அடிப்படையும் வேண்டும். அல்காரிதம் என்ற சொல் 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து வந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்! ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். வழியாக இலவசமாகவே கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தினால் போதும்.

பெண்மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மதிப்பெண் பெற்ற பல பெண்களின் பட்டம் நிக்காஹ் முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடுகிறது. ஆசிரியப் பணிக்கும், வீட்டிலிருந்தே செய்யத்தக்க மென்பொருள் சோதனைப் பணிக்கும் அவர்களை ஊக்குவிப்பது பெற்றோரும் மாமியார் வீட்டாரும் செய்ய வேண்டிய காரியம்.

ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின், இத்துறையில் பணியாற்றும் நம் சகோதரர்கள் இருவர் மதரஸா கூடத்தில் அமர்ந்திருப்பார்கள். சான்றிதழ் நகல்களுடன் வாருங்கள். வெளிநாட்டு வேலைக் கடிதம் ஏதும் வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அதையும் கொண்டுவந்து காட்டுங்கள்.